அல்டூனாவிலிருந்து இரண்டு மணி நேரம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே அல்டூனா என்று ஒரு பழைய ரயில்வே ஊர் இருக்கிறது. 1854இல் அதன் அருகே போடப்பட்ட குதிரைலாட வடிவ ரயில் வளைவை வைத்து, அவ்வூர் பேஸ்பால் அணிக்கு ‘அல்டூனா கர்வ்’ என்று பெயர். மைதானத்தின் வலப்புறச் சுவருக்கு அப்பால் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் தெரியும். அணியின் முதலாளி டிக்கெட் விற்கிறார், பீரும் ஹாட் டாகும் விற்கிறார், அணிச் சின்னம் பொறித்த தொப்பி விற்கிறார். ஆனால் களத்தில் ஆடும் ஒருவருக்கும் அவர் சம்பளம் தருவதில்லை. இன்று யார் பந்து எறிய வேண்டும், யார் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவருக்குக் கிடையாது. நேற்று நான்கு பந்துகளை வேலிக்கு வெளியே அடித்தவர் இன்று காலை ஊரைவிட்டே போயிருந்தாலும், ‘ஏன்’ என்று கேட்க அவரால் முடியாது. ஆட்டக்காரர்களும் மானேஜரும் பயிற்சியாளர்களும் இரண்டு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவிலுள்ள பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஊழியர்கள். பைரேட்ஸ் ஆடுவது மேஜர் லீகில். கர்வ் ஆடுவது மைனர் லீகில்.

மைனர் லீக் வாழ்க்கையின் சிரமங்களைப் பற்றி, இரவுப் பேருந்து, காற்றடைத்த மெத்தை, ரொட்டியும் பீநட் பட்டரும் என்று நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. சின்ன ஊர், சின்னக் கூட்டம், ஆகவே சின்னச் சம்பளம் என்றுதான் பொதுவாக அதற்குக் காரணம் சொல்வார்கள். அந்தக் காரணம் கணக்கில் நிற்கவில்லை. சம்பளம் தருபவர் சின்ன ஊர்க்காரர் அல்லர். பல நூறு கோடி டாலர் புரளும் மேஜர் லீகின் கிளப். அவர் அந்த ஊர்க் கூட்டத்துக்கான ஆட்டத்தை வாங்கவில்லை. நாலைந்து ஆண்டு கழித்துத் தனக்குத் தேவைப்படக்கூடிய ஓர் ஆளை வளர்த்துப் பார்க்கிறார். மைனர் லீக் வீரரின் நாள், உணவு, படுக்கை, நட்பு எல்லாவற்றையும் வடிவமைப்பது இந்த ஏற்பாடுதான்.

இந்த ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்ததில்லை. நூறாண்டுக்கு முன் மைனர் லீக் கிளப்புகள் தனித்தொழில்கள். நல்ல ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பார்கள், சில பருவம் தங்கள் ஊருக்கே ஆடவைப்பார்கள், விலை படிந்தால் பெரிய கிளப்புக்கு விற்பார்கள். பால்டிமோரில் ஜாக் டன் என்பவர் இதில் கைதேர்ந்தவர். 1914இல் பேப் ரூத்தை விற்றவர் அவர்தான். 1925 பருவத்துக்கு முன் லெஃப்டி குரோவை ஒரு லட்சத்துச் சொச்சம் டாலருக்கு பிலடெல்பியாவுக்குக் கொடுத்தவரும் அவரே. இந்த ஏலத்தில் நியூயார்க் பணக்காரர்களோடு போட்டியிட முடியாத ஒரு கிளப், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அதன் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி வேறொரு வழி கண்டார்: ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவதற்குப் பதில், அவர்களை விளைவிக்கும் சின்னக் கிளப்புகளையே வாங்கிவிடலாம். சம்பளம் குறைவு, எண்ணிக்கை அதிகம். நூறு பேரைச் சேர்த்தால் ஐந்து பேராவது தேறுவார்கள் என்ற கணக்கு. இதற்குப் ‘பண்ணை முறை’ என்று பெயர் வந்தது. 1926இல் கார்டினல்ஸ் முதல்முறையாக உலகத் தொடரை வென்றதும் மற்றவர்களும் பின்பற்றத் தொடங்கினார்கள். 1938இல் பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ், கார்டினல்ஸ் தன் பண்ணைகளில் விதி மீறி அடைத்து வைத்திருந்ததாகச் சொல்லி 74 ஆட்டக்காரர்களை விடுவித்தார். முறை அசையவில்லை. 1949இல் 59 லீக்குகளாக விரிந்திருந்த மைனர் லீக், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தபின் 1960களின் தொடக்கத்தில் இருபதளவுக்குச் சுருங்கியது. பிழைத்த கிளப்புகள் மேஜர் லீகின் பணத்தில்தான் பிழைத்தன.

இன்றைய அமைப்பு 2021இல் வந்தது. அதுவரை 160 ஆக இருந்த இணைப்புக் கிளப்புகளை மேஜர் லீக் 120 ஆகக் குறைத்தது. 30 மேஜர் கிளப்புகளுக்குத் தலா நான்கு படிகள். பைரேட்ஸின் படிகளைக் கீழிருந்து சொன்னால்: ஃபுளோரிடாவின் பிராடென்டனில் சிங்கிள்-ஏ, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஹை-ஏ, அல்டூனாவில் டபுள்-ஏ, இண்டியானாபோலிஸில் ட்ரிபிள்-ஏ. இவற்றுக்கும் கீழே, பார்வையாளர் அநேகமாக இல்லாத பயிற்சி வளாக லீக். அதற்கும் கீழே டொமினிக்கன் குடியரசில் ஒரு கோடைக்கால லீக். பிட்ஸ்பர்க்கில் ஒருவருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால் இண்டியானாபோலிஸில் ஒருவர் மேலே போவார், அல்டூனாவில் ஒருவர் அங்கே நகர்வார், கிரீன்ஸ்பரோவில் இருப்பவர் அல்டூனாவுக்குப் பெட்டி கட்டுவார். காயம் ஆறியதும் அதே வரிசை தலைகீழாக இறங்கும்.

இப்போது ஒரு நாளைப் பார்க்கலாம். ஆட்டம் மாலை ஏழு மணிக்கு என்றால் வீரர் மதியம் ஒன்று, இரண்டு மணிக்கே மைதானத்தில் இருப்பார். எடைப் பயிற்சி, உடல் தளர்த்தல், காணொளிப் பதிவுகள், குழுக்குழுவாக மட்டையடிப் பயிற்சி. அன்று எறியாத பிட்சர்கள் வெளிக்களத்தில் நின்று பந்து பொறுக்குவார்கள். பிறகு ஆட்டம். குளித்து, எதையாவது சாப்பிட்டுக் கிளம்ப இரவு பதினொன்று ஆகிவிடும். மறுநாள் மதியம் மீண்டும் அதே மைதானம். பெரும்பாலான லீக்குகளில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சிங்கிள்-ஏயில் 132 ஆட்டம், டபுள்-ஏயில் 138, ட்ரிபிள்-ஏயில் 150. திங்களை விடுமுறை என்பது காகிதத்தில்தான். ஞாயிறு ஆட்டம் முடிந்து ஏறிய பேருந்து பல நேரம் திங்கள் விடிந்தபிறகுதான் அடுத்த ஊரில் நிற்கும். டெக்சஸ் லீகில் வடமேற்கு ஆர்கன்சாவிலிருந்து தெற்கே கார்பஸ் கிறிஸ்டிக்குப் போகப் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

அந்தப் பேருந்துக்குள்ளும் படிநிலை உண்டு. மூத்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு இருக்கை, புதியவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. சிலர் நடைபாதையில் படுத்துவிடுவார்கள். 1946 ஜூன் 24 அன்று ஸ்போகேன் இண்டியன்ஸ் அணியின் பேருந்து வாஷிங்டன் மாநில மலைப்பாதையில் உருண்டு ஒன்பது ஆட்டக்காரர்கள் இறந்தார்கள். கூடைப்பந்து உலகை வென்றுவிட்டு 1994இல் பேஸ்பாலுக்கு வந்த மைக்கேல் ஜோர்டானும் பர்மிங்ஹாம் பேரன்ஸின் பேருந்தில்தான் போனார். அவரது வருகையை ஒட்டிக் கிளப்புக்குச் சொகுசுப் பேருந்து கிடைத்தது. சக வீரர்கள் அதை நன்றியோடு நினைவுகூர்வதுண்டு. அந்தப் பருவம் ஜோர்டானின் மட்டையடிச் சராசரி .202. உலகின் தலைசிறந்த உடல்களில் ஒன்றுக்கு டபுள்-ஏ பந்து அவ்வளவுதான் வளைந்து கொடுத்தது. இந்த ஆட்டக்காரர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவோர் இந்த எண்ணை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

அணி ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புவார்கள்தான். ஆனால் யாருடைய எதிர்காலமும் அணியின் வெற்றியில் இல்லை. ஒரு பிட்சர் எத்தனை பந்து எறியலாம் என்பது ஆட்டம் தொடங்குமுன்பே மேலிடம் வகுத்த வரம்பு. அவர் அபாரமாக எறிந்துகொண்டிருந்தாலும் எண்ணிக்கை வந்ததும் இறக்கப்படுவார். ‘இன்று புதிய வளைபந்தை மட்டும் அதிகம் எறிந்து பழகு’ என்று உத்தரவு வந்தால், அடி வாங்கிக்கொண்டே பழக வேண்டும். பக்கத்து அலமாரிக்காரர் உயிர் நண்பராக இருக்கலாம். அவரும் அதே இடத்துக்குத்தான் ஆடுகிறார். அவர் மேலே போகும் நாளில் கட்டித் தழுவி வழியனுப்பிவிட்டு, அந்த இடம் தனக்கு இனி எப்போது காலியாகும் என்று மனக்கணக்குப் போடாதவர் இருக்க முடியாது.

விதிகளுக்கும் இவர்கள்தான் பரிசோதனைக்கூடம். பிட்சர் இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற கடிகாரத்தை இங்கே பழக்கிவிட்டுத்தான் 2023இல் மேஜர் லீகுக்குக் கொண்டுபோனார்கள். அதே 2023இல் ட்ரிபிள்-ஏ ஆட்டங்களில் இன்னொரு சோதனை நடந்தது. ஒரு தொடரின் முதல் மூன்று ஆட்டங்களில் எல்லாப் பந்தையும் கருவியே தீர்ப்பளிக்கும்; அடுத்த மூன்றில் மனித நடுவர் தீர்ப்பளிப்பார், ஆட்சேபித்தால் மட்டும் கருவி பார்க்கும். ஒரே வாரத்தில் இரண்டு விதமான அளவுகோல். அந்த வாரத்து எண்களை வைத்துத்தான் மட்டையடிப்பவரின் தலைவிதி முடிவாகும்.

1981 ஏப்ரல் 18 இரவு ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் தொடங்கிய ஓர் ஆட்டம் இந்த உலகின் அதிகார அமைப்பை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. சமநிலையில் நின்றதால் ஆட்டம் நீண்டுகொண்டே போனது. நள்ளிரவுக்குப் பின் ஆட்டத்தை ஒத்திவைக்கும் விதி, அந்த ஆண்டு நடுவர்களின் கையேட்டில் விடுபட்டிருந்தது. குளிரில் உடைந்த மட்டைகளை எரித்துக் கைகாய்ந்தபடி ஆடினார்கள். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து உத்தரவு பெற்று, ஈஸ்டர் ஞாயிறு அதிகாலை 4.07க்கு, 32 இன்னிங்ஸ் முடிந்து நிறுத்தியபோது இருக்கைகளில் 19 பேர் இருந்தார்கள். ஜூன் 23 அன்று தொடர்ந்தபோது பதினெட்டே நிமிடத்தில் முடிந்தது. அன்று மேஜர் லீகில் வேலைநிறுத்தம். எழுத வேறு ஆட்டமில்லாத செய்தியாளர்கள் எல்லோரும் பாட்டக்கெட்டில் கூடியிருந்தார்கள். அன்று களத்தில் இருந்த கால் ரிப்கன், வேட் பாக்ஸ் இருவரும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். வெற்றி ஓட்டத்தை அடித்துக் கொடுத்த டேவ் கோசா மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை.

சம்பளக் கதைக்கு வருவோம். 2014 வாக்கில், கீழ்ப்படியில் முதல் பருவம் ஆடுபவருக்கு மாதம் 1,100 டாலர், ட்ரிபிள்-ஏயில் 2,150 டாலர். அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். மார்ச் மாதப் பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது. குளிர்காலத்தில் கிளப் வகுத்த திட்டப்படி உடலைப் பேண வேண்டும்; அதற்கும் கிடையாது. ஆகவே அக்டோபர் வந்தால் கிடங்கில் பெட்டி தூக்குவார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டையடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள், வாடகைக் கார் ஓட்டுவார்கள். ஊரில் தங்கும் செலவும் அவர்களுடையதே. இரண்டு அறை வீட்டில் ஐந்தாறு பேர், காற்றடைத்த மெத்தைகள். அடுத்த படிக்கு உயர்த்தப்பட்டால் பழைய ஊரின் வாடகை ஒப்பந்தம் கழுத்தில் தொங்கும். பதவி உயர்வே கடனில் தள்ளிய கதைகள் ஏராளம். உடைமாற்று அறைப் பணியாளருக்கு, அவர் துணி துவைத்து உணவு வைப்பதற்காக, வீரர்களே சந்தா கட்டி வந்தார்கள். 2021இல்தான் அது ஒழிந்தது. அந்த ஆண்டு அமெரிக்க அரசு தனிநபருக்கு வகுத்த வறுமைக்கோடு 12,880 டாலர். ஹை-ஏ வீரரின் ஆண்டு வருமானம் 11,000 அளவில் இருந்தது.

எல்லோருக்கும் இப்படி இல்லை. கிளப்புகள் புதியவர்களை எடுக்கும் தேர்வில் முதல் வரிசையில் வருபவர் கையெழுத்திடும்போதே லட்சக்கணக்கில் பெறுகிறார். 2023இல் பைரேட்ஸ் முதலாவதாக எடுத்த பால் ஸ்கீன்ஸுக்கு 92 லட்சம் டாலர், அன்றைய தேதிக்கு அதுவே உச்சம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் அல்டூனா சட்டை போட்டுப் பந்து எறிந்தார். நாலாண்டுக் கல்லூரி முடித்துக் கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுபவர் ஆயிரம் டாலருக்கும் கையெழுத்திட்டதுண்டு. பேரம் பேச அவரிடம் எதுவுமில்லை, வேறு கிளப்புக்குப் போகவும் உரிமையில்லை.

அந்த உரிமை ஏன் இல்லை? 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் அல்ல என்று சொல்லி, முற்றுரிமைத் தடைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்தது. 1972இல் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம், இது பிறழ்ந்த நிலைதான் என்று ஒப்புக்கொண்டும் மாற்றவில்லை. 1998இல் நாடாளுமன்றம் ஃபிளட் பெயரிலேயே சட்டம் இயற்றி மேஜர் லீக் வீரர்களுக்கு மட்டும் அந்த விலக்கை நீக்கியது. மைனர் லீக் வீரர்களைக் கவனமாக வெளியே நிறுத்தியது.

2014இல் கேரட் புரோஷுயிஸ் என்ற வழக்கறிஞர் களத்தில் இறங்கினார். சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் பண்ணையில் பிட்சராக இருந்துவிட்டுச் சட்டம் படித்தவர். ஏரன் சென் என்ற முன்னாள் வீரரின் பெயரில் தொடங்கிய வழக்கு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. 1976இலிருந்து மேஜர் லீக் சம்பளம் 2,000 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்க, மைனர் லீகில் ஏறியது 75 சதவீதம்தான், விலைவாசியோ 400 சதவீதம் என்று மனு கணக்குக் காட்டியது. கிளப்புகள் தரப்பு வாதம், இவர்கள் தொழிலாளர்கள் அல்லர், பயிற்சி பெறுபவர்கள் என்பது. நீதிமன்றத்தில் வாதிட்டதோடு நிற்கவில்லை. 2018 மார்ச்சில், 2,232 பக்கங்கள் கொண்ட அரசுச் செலவின மசோதாவின் நடுவே ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்’ என்ற தலைப்பில் ஒரு பகுதியைச் செருகவைத்து, மைனர் லீக் வீரர்களைக் கூடுதல் நேரக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். வாரம் 40 மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி தந்தால் போதும், அதுவும் பருவத்தில் மட்டும். ஒரு நாட்டின் பெருமைக்குரிய ஆட்டத்தைக் காப்பாற்ற அதை ஆடுபவர்களின் கூலியில்தான் கைவைக்க வேண்டியிருந்தது போலும்.

ஆனாலும் பழைய பாக்கிக்கான வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2022 மார்ச்சில் நீதிபதி ஜோசப் ஸ்பீரோ, இவர்கள் ஆண்டு முழுவதும் ஊழியர்களே, பயிற்சி முகாமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தார். விசாரணை தொடங்குமுன் கிளப்புகள் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பங்கிட்டு, வழக்குச் செலவும் போக, தலைக்குச் சராசரியாக ஐயாயிரம் டாலர் சொச்சம் தேறும்.

இத்தனை ஆண்டுகள் இவர்கள் ஏன் சங்கம் அமைக்கவில்லை என்ற கேள்வி எளியதல்ல. மேஜர் லீக் வீரர்களின் சங்கம் 1960களிலிருந்தே அமெரிக்காவின் வலுவான தொழிற்சங்கங்களில் ஒன்று. அது மைனர் லீகை உறுப்பினராக ஏற்கவில்லை. பேரங்களில் புதியவர்களின் நலனை விட்டுக்கொடுத்ததும் உண்டு. வீரர்களுக்கோ, வாயைத் திறந்தவர் முதலில் வெளியேற்றப்படுவார் என்ற பயம். அதைவிட ஆழமாக, இது தற்காலிகம் என்ற நம்பிக்கை. தோராயமாகப் பத்தில் ஒருவர்தான் மேஜர் லீகைத் தொடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருவர் தானே என்று பத்துப் பேரும் நம்புகிற இடத்தில் குறைந்தபட்சக் கூலிக்காக எவர் கொடி பிடிப்பார்? 2020இல் பெருந்தொற்றால் பருவமே ரத்தாகி, பலர் கூட்டமாக விடுவிக்கப்பட்டபோது அந்த நம்பிக்கை விரிசல் கண்டது. முன்னாள் வீரர் ஹாரி மரீனோ முன்னின்று நடத்திய ஓர் உரிமை அமைப்பு உணவு, தங்குமிடப் படங்களை வெளியிட்டுக் கிளப்புகளை வெட்கப்படவைத்தது. 2022 பருவத்திலிருந்து தங்குமிடம் கிளப்பின் பொறுப்பானது. அந்த செப்டம்பரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மேஜர் லீக் சங்கத்தின் குடைக்குள் வந்தார்கள். வியப்பாக, இரண்டே வாரத்துக்குள் நிர்வாகம் அதை அங்கீகரித்தது.

2023 மார்ச் இறுதியில் கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தப்படி ட்ரிபிள்-ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500இலிருந்து 35,800 டாலராகவும், டபுள்-ஏ 13,800இலிருந்து 30,250ஆகவும் உயர்ந்தன. ஹை-ஏ 27,300, சிங்கிள்-ஏ 26,200. வளாக லீகில் 4,800ஆக இருந்தது 19,800 ஆனது. பருவம் அல்லாத மாதங்களுக்கும் ஊதியம் உண்டு. டபுள்-ஏயும் அதற்கு மேலும் ஆடுபவருக்குத் தனிப் படுக்கையறை. வயது வந்த மனிதர், தொழில்முறை ஆட்டக்காரர், தனக்கென ஒரு கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையை 2023இல்தான் எழுத்தில் பெற்றார்.

ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, அல்டூனாவிலிருந்து அழைக்கப்பட்ட ட்ரூ மேகி பிட்ஸ்பர்க்கில் மட்டை பிடித்தார். 33 வயது. 2010இல் பைரேட்ஸே எடுத்த ஆள். இடையே பல கிளப்புகள் சுற்றி, 13 பருவம், 1,154 மைனர் லீக் ஆட்டங்கள். அரங்கம் அவர் பெயர் சொல்லிக் கூவியது. மூன்று ஸ்டிரைக்கில் வெளியேறினார். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் அடி. ஒரு சில நாள்களில் மீண்டும் அல்டூனா. அந்த ஆண்டு மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் 7.2 லட்சம் டாலர், நாளொன்றுக்குச் சுமார் 3,870. அங்கே 43 நாள் இருந்துவிட்டால் ஓய்வூதிய உரிமை உண்டு. எத்தனையோ பேருடைய வாழ்க்கை இந்த 43க்கு இப்பக்கமோ அப்பக்கமோ நின்றுவிடுகிறது.

இதே பைரேட்ஸ் ஏணியில் இரண்டு இந்தியர்கள் ஏறியிருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வாகி, அந்த நவம்பரில் ஒப்பந்தமானார்கள். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படம் அந்தக் கையெழுத்தோடு கொண்டாட்டமாக முடிகிறது. உண்மையில் வேலை அங்கேதான் தொடங்கியது: பிராடென்டன் வளாகத்தின் வெயில், புரியாத விதிகள், கூட்டமில்லாத ஆட்டங்கள். தினேஷ் 2010இன் இறுதியில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு மேற்கு வர்ஜீனியாவில் சிங்கிள்-ஏ வரை போனார். பிறகு காயங்கள், அறுவைச் சிகிச்சை. பேஸ்பாலை விட்டு அவர் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். பத்தில் ஒன்பது பேருக்கு நடப்பதுதான் அவர்களுக்கும் நடந்தது. படம் அதைக் காட்டியிருந்தால் ரஹ்மானுக்கு வேறு இசை தேவைப்பட்டிருக்கும்.

புதிய ஒப்பந்தம் பண்ணை முறையைத் தொடவில்லை. 19 வயதிலோ அதற்குப் பின்னரோ கையெழுத்திடுபவரை ஏழாண்டுக்குப் பதில் ஆறாண்டு கட்டிப்போடலாம், அவ்வளவே. ஊதிய உயர்வுக்கு ஈடாக, ஒரு கிளப் அமெரிக்காவில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் எண்ணிக்கை 2024 முதல் 180இலிருந்து 165 ஆனது. 30 கிளப்புக்கு 450 இடம். இன்னொரு விடுபடலும் உண்டு. 30 கிளப்புகளுக்கும் டொமினிக்கன் குடியரசில் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. பல, தலைநகர் சாந்தோ டொமிங்கோவுக்குக் கிழக்கே போகா சிகா பக்கத்தில். பதினாறு வயதில் கையெழுத்திட்ட பையன்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, கோடைக்கால லீகில் ஆடுகிறார்கள். அமெரிக்கக் களங்களில் ஆடுபவர்களை மட்டுமே உள்ளடக்கிய அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் இல்லை. 4,800 டாலர் 19,800 ஆன கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது.